அமைதி தேடும் மாணவர்

உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் மாணவர், பரீட்சைக்கு இரண்டு மூன்று மாதங்கள் இருக்கும்போது ஆசிரியரிடம் வந்து கேட்கும் கேள்விகள் பலவகைப்படும். எந்தப் பாடப்பகுதியை முதலிற் படிப்பது என்று கேட்பார் சிலர். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் படிக்கவேண்டும் என்று கேட்பார் சிலர். நித்திரையை வெல்லும் வழி யாது என்று கேட்பார் வேறு சிலர். இவற்றுக்கெல்லாம் விடை கூறுதல் ஆசிரியர்க்கு அரிதன்று. ஆனால், "சேர், எங்கே இருந்து படிக்கிறது?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், நாம் சிறிது தயங்கியே விடை சொல்லவேண்டியிருக்கிறது. மற்றைய கேள்விகளுக்குரிய விடை மாணவன் கையில் இருக்கிறது. இக்கேள்விக்குரிய விடையோ அவனுடைய வீட்டார் கையிலும், அயலார் கையிலும், ஊரார் கையிலும் இருக்கிறது. ஆதலால் இவ்வாரம் மாணவர்க்கு மாத்திரமன்றிப் பெற்றோர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் சேர்த்தே சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

"வீடு இருக்கிறது, மேசை இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது, இன்னும் என்ன குறை?" என்று பெற்றோர் சிலர் வியக்கலாம். மாலை ஏழு மணியளவில் நம்மூர் வீடொன்றினுள் நுழைந்து பார்த்தாற் குறை இன்னதென்பது விளங்கும். முன்விறாந்தையில் தகப்பனார் வந்தவரோடு ஊர்ப்புதினம் பேசிக்கொண்டிருப்பார். நடு அறையில் தொலைக்காட்சி நாடகம் நடந்துகொண்டிருக்கும். அதிலே மாமியாரும் மருமகளும் உரத்த குரலில் வழக்காடிக்கொண்டிருப்பர். குசினியில் தேங்காய் திருவும் ஓசை. கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரத்தின் ஓசை. ஒரு மூலையில் தம்பியின் கைத்தொலைபேசி விளையாட்டு. அவ்வேளையில் வெளிநாட்டிலிருந்து பெரியப்பா அழைத்துவிட்டால், வீடு முழுவதும் கூடிநின்று உரத்துப் பேசும். இத்தனைக்கும் நடுவே ஒரு பிள்ளை இரசாயனச் சமன்பாடொன்றை மனத்தில் இருத்த முயன்றுகொண்டிருக்கும்.

இது ஓரளவு வசதியுள்ள வீட்டின் நிலை. மலைநாட்டுத் தோட்டங்களில், ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயன் அறைகளில் வாழும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே சமையலும் உறக்கமும் படிப்பும் ஒரே கூரையின் கீழ், சில வேளைகளில் ஒரே விளக்கின் கீழ் நடைபெறுகின்றன. சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். அங்கே குழந்தை அழுதால் இங்கே புத்தகம் மூடப்படும். கொழும்பிலே தொடர்மாடி வீடுகளிலும் நெருங்கிய முடுக்குகளிலும் வாழும் பிள்ளைகளின் நிலையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. பரீட்சை மண்டபத்திலே எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். ஒரே அளவு நேரம். அம்மண்டபத்துக்கு வந்துசேரும் முன்னர் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்த அமைதியின் அளவோ ஒன்றன்று. இவ்வேற்றுமையை எந்தப் பெறுபேற்றுத் தாளும் காட்டுவதில்லை.

"அந்தக் காலத்திலே நாங்கள் இப்படியெல்லாம் இடம் தேடினோமோ? தெருவிளக்கின் கீழிருந்து படித்தவர்கள் பெரியவர்கள் ஆகவில்லையோ?" என்று கேட்பாரும் உளர். வங்கத்து ஈசுவர சந்திர வித்தியாசாகரரும், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாய் விளங்கிய தி. முத்துசாமி ஐயரும் இளமையில் தெருவிளக்கு வெளிச்சத்திற் படித்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுவதுண்டு. அவர்கள் பெருமையை நாம் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் இரண்டு விஷயங்களை மறத்தலாகாது. அவர்கள் வாழ்ந்த 19ஆம் நூற்றாண்டின் இரவுத் தெருவில் வெளிச்சத்தோடு அமைதியும் இருந்தது; மோட்டார் வாகனமும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. மேலும், தெருவிளக்கின் கீழிருந்து படித்தும் தேறாது போனவர்களின் கதையை எவரும் எழுதிவைக்கவில்லை. ஒருவர் முள்ளிலே நடந்து ஊர் போய்ச் சேர்ந்தார் என்பதற்காக, பின் வருவோரின் வழியிலும் முள்ளைப் பரப்பிவைப்பது அறிவுடைமையாகாது.

எந்த ஓசை பகை?

ஓசை படிப்பைக் கெடுக்கும் என்பது வெறும் சாட்டன்று. 1975ஆம் ஆண்டில் ஆர்லீன் பிரொன்சாவ்ட் என்னும் உளவியல் அறிஞர், நியூயோர்க் நகரப் பாடசாலையொன்றில் நடத்திய ஆராய்ச்சியை வெளியிட்டார். அப்பாடசாலையின் ஒரு புறத்தில் உயரப் பாலத்தின்மீது புகைவண்டிப் பாதை சென்றது. அப்புறத்து வகுப்பறைகளில் இருந்த பிள்ளைகள், மறுபுறத்து அமைதியான வகுப்பறைகளில் இருந்தோரைக் காட்டிலும் வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். ஆறாம் வகுப்பை அடையும்போது அப்பின்னடைவு ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பின் அளவாயிற்று. பிள்ளைகளின் அறிவிலோ ஆசிரியரின் திறத்திலோ குறையில்லை. பின்னர்த் தண்டவாளத்தின் கீழ் இறப்பர்த் தகடுகள் இடப்பட்டன. வகுப்பறைக் கூரையின் உட்புறத்தில் ஓசையை உறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. 1981ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்தபோது இருபுறத்துப் பிள்ளைகளும் வாசிப்பில் ஒரே நிலையில் இருந்தனர். ஜெர்மனியின் மியூனிக் நகரப் பழைய விமான நிலையம் 1992ஆம் ஆண்டில் மூடப்பட்டபோதும், அதன் அயலில் வாழ்ந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவும் திருந்தியமை கண்டறியப்பட்டது. ஓசையால் வந்த கேடு, ஓசை நீங்கியதும் நீங்கும் என்பது இவற்றால் நாம் பெறும் நற்செய்தி.

எனினும், எல்லா ஓசையும் ஒரே தன்மையன அல்ல. 1976ஆம் ஆண்டில் கோல், வெல்ஷ் என்னும் இரு அறிஞர் ஒரு சோதனை செய்தனர். வரிசையாகக் காட்டப்பட்ட எழுத்துக்களை நினைவில் வைக்க முயன்றோரின் செவியில், அவர்கள் அறியாத வேற்றுமொழிப் பேச்சொன்று விழும்படி செய்யப்பட்டது. பொருள் விளங்காத அப்பேச்சுக்கூட அவர்களுடைய நினைவைக் குலைத்தது. பின்வந்த ஆராய்ச்சிகளும் இதனையே உறுதிசெய்தன. ஏற்றத்தாழ்வின்றி ஒரே சீராய் எழும் இரைச்சல் செய்யும் கேட்டினும் மனிதக் குரல் செய்யும் கேடு பெரிது. பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கும் மாணவர் இதனை மனங்கொள்ளுதல் நன்று. சொற்களோடு கூடிய பாட்டு, நினைவில் நிறுத்தவேண்டிய சொற்களோடு போட்டியிடுகிறது.

இதனால் நமக்கு ஒரு தெளிவு பிறக்கிறது. பனையோலை சலசலப்பதையும், கடல் இரைவதையும், மின்விசிறி சுழல்வதையும் அஞ்சவேண்டியதில்லை. பருத்தித்துறைக் கரையோரத்துப் பிள்ளை கடலோசையோடு பழகிவிடும். அஞ்சவேண்டியது அடுத்த அறைப் பேச்சையும் தொலைக்காட்சி வழக்கையுமே. "நாங்கள் மெதுவாகத்தானே பேசுகிறோம்" என்பார் வீட்டார். மெதுவான பேச்சாயினும் சொற்கள் காதில் விழுமாயின் மனம் அவற்றின் பின்னே போய்விடும். அது மனத்தின் இயல்பு. பிள்ளையின் சோம்பல் என்று அதனைக் கண்டிப்பதிற் பயனில்லை.

வீட்டுக்குள்ளே

அமைதியான இடமென்பது பெரும்பாலும் அமைதியான நேரமே. தனி அறை இல்லாத வீட்டிலும் வைகறை நான்கு மணிக்கு எல்லா அறைகளும் தனி அறைகளே. நம்மவர் நெடுங்காலமாக இவ்வுண்மையை அறிந்திருந்தனர். விடியுமுன் எழுந்து, முகங்கழுவி, ஒரு தேநீரோடு புத்தகத்தின் முன் அமரும் வழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகளில் பழையது. ஆனால், வைகறையில் எழவேண்டுமாயின் இரவு ஒன்பதரை அல்லது பத்து மணிக்குள் உறங்கவேண்டும்; பிள்ளை உறங்கவேண்டுமாயின் வீடும் அடங்கவேண்டும். வீடு பதினொரு மணிவரை விழித்திருக்க, பிள்ளையை மாத்திரம் நான்கு மணிக்கு எழுப்புவது கொடுமையாகும்.

முழுநாளும் வாய்மூடியிருக்கும்படி எந்தக் குடும்பத்தையும் நாம் கேட்கவில்லை. அது நடவாத காரியம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், மாலை ஏழு முதல் ஒன்பது வரை என்று வைத்துக்கொள்வோம், தொலைக்காட்சியை நிறுத்திவையுங்கள். வருவோரை அந்நேரத்துக்கு முன்னரோ பின்னரோ வரச் சொல்லுங்கள். வெளிநாட்டு உறவினர்க்கும் அந்நேரத்தைத் தெரிவித்துவிடுங்கள். அவர்களும் பரீட்சை எழுதியவர்களே, வருந்தமாட்டார்கள். வரையறுத்த இரண்டு மணி நேர அமைதி, எப்போது குலையுமோ என்று அஞ்சியிருக்கும் ஆறு மணி நேரத்தினும் மேலானது.

இடத்தைப் பொறுத்தவரையில், வீதியை நோக்கிய முன்விறாந்தையினும் வீட்டின் பின்புறம் நல்லது. குசினிக்கு அப்பாலுள்ள கொட்டில், களஞ்சிய அறையின் ஒரு மூலை, மாமரத்து நிழல் என்று தேடினால் ஓரிடம் அகப்படும். மேசையைச் சுவரைப் பார்த்து இடுக; வாசலைப் பார்த்து இட்டால் வருவோர் போவோர் எல்லாரும் பாடத்தினுள் நுழைவர். எப்போதும் ஒரே இடத்திலிருந்தே படிக்கவேண்டும் என்று கட்டுப்படுவதும் அவசியமன்று. 1978ஆம் ஆண்டில் சிமித், கிளென்பேர்க், பியோர்க் என்னும் மூவர் செய்த சோதனையில், ஒரே சொற்பட்டியலை இருவேறு அறைகளிற் படித்தோர், இருமுறையும் ஒரே அறையிற் படித்தோரைவிட அதிகமான சொற்களை நினைவுகூர்ந்தனர். ஆகவே, காலையிற் கொட்டிலிலும் மாலையில் நூலகத்திலும் படிக்க நேர்ந்த பிள்ளை தன் விதியை நோகவேண்டியதில்லை.

வாய்விட்டுப் படித்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாய்விட்டுப் படித்தால் மனத்தில் நன்கு பதியும் என்பது உண்மையே. ஆயினும் அண்ணன் வாய்விட்டு வரலாறு படிக்கும்போது, பக்கத்திலிருந்து கணக்குச் செய்யும் தங்கைக்கு அந்த அண்ணனே ஒலிபெருக்கி. வாய்விட்டுப் படிப்போர் முற்றத்துக்கோ மரத்தடிக்கோ செல்லுக. அமைதியைப் பிறரிடம் வேண்டும் மாணவன், தானும் பிறர்க்கு அதனை அளிக்கக் கடமைப்பட்டவன்.

இனிக் கைத்தொலைபேசி. வீடு அடங்கி, ஊர் அடங்கி, நாய்கூட உறங்கிய பின்னரும் அடங்காத ஓசை ஒன்று மாணவனுடைய சட்டைப்பையில் இருக்கிறது. அது ஒலிக்காதபோதும், ஒலிக்குமோ என்ற எண்ணம் ஒலித்துக்கொண்டே இருக்கும். குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் அதிலேயே வருகின்றன என்று மாணவர் கூறுவது உண்மை. அவற்றைப் பகலில் பார்த்து எழுதிக்கொண்டு, படிக்கும் நேரத்தில் அக்கருவியைத் தாயாரிடம் ஒப்படைத்துவிடுதல் நன்று. தாயாரும் அதனை வாங்கி வைத்துக்கொண்டு அதிலேயே நாடகம் பார்க்கத் தொடங்காதிருத்தல் அதனினும் நன்று.

பெண்பிள்ளையின் மூலை

ஆண்பிள்ளைக்கு வீட்டில் இடமில்லையெனில் துவிச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவான். நண்பன் வீடு, கோயில் மண்டபம், வாசிகசாலை, வயற்கரை என்று அவனுக்கு ஊரெல்லாம் இடமுண்டு. இருட்டிய பின்னர்ப் பெண்பிள்ளைக்கு வீட்டைத் தவிர வேறிடம் இல்லை. அவ்வீட்டிலும், "பிள்ளை, ஒருக்கா இஞ்சை வா" என்னும் அழைப்பு அரைமணிக்கொரு முறை அவளைத் தேடி வருகிறது. தேநீர் ஆற்ற, தம்பிக்குச் சோறு போட, விருந்தினர்க்குப் பாய் எடுத்துக் கொடுக்க என்று ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அறுந்த எண்ணத்தை மீண்டும் முடிய ஐந்து நிமிடம் போதாது. அண்ணனைப் படிக்கும்போது எழுப்பத் தயங்கும் தாய், மகளை எழுப்பத் தயங்குவதில்லை. அவளும் பரீட்சை எழுதப்போகிறவள் என்பதை அத்தாய் அறியாதவளுமல்லள். பழக்கம் அவ்வாறு செய்விக்கிறது.

பெண்பிள்ளைகள் பரீட்சையிற் சிறந்து தேறுவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். அச்சிறப்பு, கிடைத்த அமைதியால் வந்ததன்று. கிடையாத அமைதியோடு மல்லாடி வந்தது. பரீட்சைக்கு முந்திய மூன்று மாதமேனும், படிக்கும் நேரத்தில் மகளை அழைப்பதில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விரதம் பூண்டால் என்ன? விரதங்கள் பல அனுட்டிக்கின்ற வீடுகளுக்கு இது பெரிய காரியமன்று. அந்தத் தேநீரை அண்ணன் ஆற்றலாம். அவனுக்கும் கைகள் உண்டு.

வீட்டுக்கு வெளியே

வீட்டிற் கிடையாத அமைதியை ஊர் அளிக்கவேண்டும் என்னும் எண்ணத்திலிருந்தே நல்ல நூல்நிலையங்கள் தோன்றின. யாழ்ப்பாணம் பொதுசன நூலகத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்னும் பெரியார் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டில் 844 நூல்களோடும் சுமார் 30 பத்திரிகை சஞ்சிகைகளோடும் ஒரே அறையில் நூலகம் உருவாயிற்று. 1959ஆம் ஆண்டில் அதன் அழகிய பெருங்கட்டிடம் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நூல்களை இழந்ததைப் பற்றி உலகம் பேசிற்று. நகரத்து ஏழைப் பிள்ளைகள் தங்கள் படிப்பறையை இழந்ததைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. புனரமைக்கப்பட்ட நூலகம் 2004ஆம் ஆண்டில் வாசகருக்கு மீண்டும் கிடைத்தது. வீட்டில் மேசையில்லாத பிள்ளைக்கு அங்கேயுள்ள ஒரு கதிரை எத்துணைப் பெரிய சொத்து என்பதை அங்கு சென்று பார்த்தோர் அறிவர்.

சர்வகலாசாலையை அமைத்தோரும் இதே எண்ணமுடையோராய் இருந்தனர். நகரச் சந்தடிக்கு அப்பால், மாணவர் ஒருங்கே தங்கிக் கற்கும் இடம் வேண்டும் என்னும் கருத்தே 1952ஆம் ஆண்டில் இலங்கைச் சர்வகலாசாலையைக் கொழும்பிலிருந்து மகாவலிக் கரைப் பேராதனைக்குக் கொண்டு சென்றது. கற்பவனுக்கு அமைதியான சூழல் வேண்டுமென்று அரசே எண்ணியது என்றால், அதனை நாடும் பாடசாலைப் பிள்ளையைச் செல்லம் கொஞ்சுகிறான் என்று எள்ளலாகாது.

பெரிய நூலகம் எல்லா ஊரிலும் இராது. ஆனால் நம் கிராமங்களில் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் இல்லாத குறிச்சி அரிது. காலையில் அங்கே பத்திரிகை வாசிப்பர், மாலையில் அரசியல் பேசுவர், இரவில் பூட்டிவிடுவர். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களுக்கு மாலை ஆறு முதல் ஒன்பது வரை அதனை மாணவர்க்கென ஒதுக்கி, நான்கு மேசையும் நல்ல விளக்கும் இட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை வாசலில் இருத்தினால் போதும். அவர் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பேசாதிருக்கச் செய்தாற் போதும். அவர் அங்கிருக்கிறார் என்றறிந்தால் பெண்பிள்ளைகளைப் பெற்றோரும் தயங்காது கூட்டிவந்து விடுவர்.

கல்லூரி வகுப்பறைகளும் இரண்டு மணிக்குப் பின்னர் வெறுமையாகவே கிடக்கின்றன. அதிபர்கள் இரண்டு வகுப்பறைகளையாவது மாலை வரை திறந்துவைத்தல் பேருதவியாகும். பரீட்சைக்குச் சில நாட்களின் முன்னர்த் தனியார் வகுப்புகளும் கருத்தரங்குகளும் தடைசெய்யப்படுவது வழக்கம். நாள் முழுவதும் ரியூட்டறியில் இருந்து பழகிய பிள்ளை, அந்த இறுதி நாட்களில் திடீரெனத் தனித்துவிடப்பட்டு எங்கே இருப்பதென்று அறியாது திகைக்கிறது. அந்நாட்களிலாவது ஒரு வகுப்பறைக் கதவு திறந்திருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நம் ஊர்களிலே வெளிநாடு சென்றோரின் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. நான்கு அறையும் நல்ல முற்றமும் உள்ள வீட்டில் வௌவால்கள் அமைதியாக வாழ, வேலிக்கு அப்பால் ஒற்றை அறை வீட்டிலே ஆறு பேர் நடுவே ஒரு பிள்ளை படிக்க இடமின்றித் தவிக்கிறது. அவ்வீட்டுக்காரர் ஊருக்கு எவ்வளவோ நன்கொடை அனுப்புகிறார். கோயிற் கோபுரத்துக்கும் விளையாட்டரங்குக்கும் தாராளமாகக் கொடுக்கிறார். தம் வீட்டு முன்னறை ஒன்றை, பொறுப்பான ஒருவர் மேற்பார்வையில், மூன்று மாதத்துக்குத் திறந்துவிடச் சம்மதித்தால் அதற்குக் காசு செலவில்லை. ஒரு திறப்பும் ஒரு வார்த்தையும் போதும்.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றிருந்த காலத்திற் படித்த தலைமுறையைச் சேர்ந்தோர் நாம். ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரியிட்டு ஏற்றிய விளக்கே அன்றைய விளக்கு. தொலைக்காட்சி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஆயினும் அதனை அமைதியென்று கூற நமக்கு மனம் வருவதில்லை. வானத்தில் விமானம் இரையுமோ, பதுங்கு குழிக்குள் ஓடநேருமோ என்று செவியைத் தீட்டிக்கொண்டிருந்த மௌனம் அது. அக்காலத்திற் பலர் படித்துத் தேறினர் என்றால் அதற்கொரு காரணம் உண்டு. இருட்டுமுன்னரே சமையலை முடித்து, வீட்டிலுள்ள ஒரே விளக்கைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, ஏனையோர் இருளில் இருந்தனர். பேசவேண்டியதை முற்றத்திற் போய்ப் பேசினர். மண்ணெண்ணெய் பொன்போல விற்ற நாட்களில் குடும்பங்கள் செய்த அந்தத் தியாகத்தை, பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் வரும் இந்நாட்களில் நாம் கேட்கவில்லை. அதன் பத்திலொரு பங்கைத்தான் கேட்கின்றோம்.

ஒலிபெருக்கி

சைவ மரபில் வாழும் நாம், கோயிலைப் பற்றிக் கூறுவதைக் கோயில் வெறுப்பென்று எவரும் கொள்ளமாட்டார் என்று நம்புகின்றோம். 2019ஆம் ஆண்டு வரை பல ஆண்டுகள் உயர்தரப் பரீட்சை ஆகஸ்ட் மாதத்தில் நடைபெற்றது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாட் பெருந்திருவிழாவும், ஊர்க்கோயில் திருவிழாக்கள் பலவும் அக்காலத்தையொட்டியே வரும். அண்மைக் காலத்திற் பரீட்சை மாதங்கள் பலவாறு மாறியுள்ளன. 2024ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை அவ்வாண்டு நவம்பரில், மாரி மழையோடு தொடங்கிற்று. எந்த மாதம் வைத்தாலும் ஏதோ ஒரு கோயிலில் ஏதோ ஒரு விழா இருக்கும். இருக்கட்டும். மேளமும் மணியும் தேவாரமும் ஒலிக்கட்டும். அவை கோயில் வீதியளவில் ஒலித்த காலத்திலும் பக்தி குறைந்திருக்கவில்லை. நான்கு திசையிலும் கம்பத்திற் கட்டிய ஒலிபெருக்கிகள், ஒரு மைல் தூரத்துக்கு நாள் முழுவதும் சினிமாப் பாட்டைப் பரப்புவது எந்த ஆகமத்திலும் விதிக்கப்பட்டதன்று.

2007ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று பணித்தது. எந்தச் சமயத்தவரும் பிறர் செவியில் தம் ஓசையை வலிந்து புகுத்த உரிமையுடையோர் அல்லர் என்பதே அத்தீர்ப்பின் சாரம். கட்டளைக்கு அஞ்சிக் குறைப்பதினும் கருணையால் குறைப்பது நம் மரபுக்கு அழகு. சாமத்தியச் சடங்கு, பிறந்தநாட் கொண்டாட்டம், விளையாட்டுக் கழகப் போட்டி என்று ஒலிபெருக்கி கட்டுவோர், கட்டுமுன்னர் அக்குறிச்சியிலே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒருமுறை விசாரித்தால் போதும். அப்பிள்ளைகள் முறையிட வரமாட்டார்கள். பெரியவர்கள் கோபிப்பார்கள் என்று அஞ்சிக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு இருப்பார்கள். முறையிடாதவர்க்காகவும் சிந்திப்பதே பெரியோர்க்குப் பெருமை.

மாணவர்க்கு இறுதியாக

அமைதி கிடைக்கும்வரை படிக்கமாட்டேன் என்று இருந்துவிடுதல் கூடாது. அமைதியான நேரத்தை விளங்கிக்கொள்ள வேண்டிய கடினமான பகுதிகளுக்கும், நினைவில் இருத்த வேண்டியவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஓசை மிகுந்த நேரத்தில் படம் வரைதல், குறிப்பெழுதுதல், செய்து பழகிய கணக்கை மீண்டும் செய்தல் முதலியவற்றைச் செய்யலாம். பரீட்சை மண்டபமும் முற்றிலும் ஓசையற்ற இடமன்று. மேற்பார்வையாளரின் காலடியோசை கேட்கும், மணி அடிக்கும், தகரக் கூரையில் மழை கொட்டும், பக்கத்துப் பிள்ளை இருமும். ஆகவே இறுதி இரண்டு வாரங்களில் வாரத்துக்கு ஒருமுறையேனும், மூன்று மணி நேர வினாத்தாள் ஒன்றைச் சிறிது சந்தடியுள்ள இடத்திலிருந்து எழுதிப் பழகுதல் நல்லது. அமைதியிற் கற்றதைச் சந்தடியிலும் எழுத வல்லவனாவதே பயிற்சியின் முடிவு.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்காக நீங்கள் பணம் கட்டுகிறீர்கள், நேர்த்தி வைக்கிறீர்கள், பத்தியம்போலப் பார்த்து உணவளிக்கிறீர்கள். அவையெல்லாம் நன்றே. இவற்றோடு நாளுக்கு இரண்டு மணி நேரம் மௌனத்தையும் கொடுங்கள். அது கடையில் விற்பதன்று. உங்களைத் தவிர வேறெவரும் அதனை உங்கள் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கவும் இயலாது. உங்கள் வீட்டில் பரீட்சை எழுதும் பிள்ளை இல்லையாயின், வேலிக்கு அப்பால் எந்த வீட்டில் விளக்கெரிகிறது என்று இன்றிரவு பாருங்கள். விளக்கெரிந்தால் குரலைச் சற்றுத் தாழ்த்திப் பேசுங்கள்.